தச்சன் வீட்டுக் கதவு

“அவனைக் கதவுக்கு வெளியே விடாதே. அவனைக் கோபப்படுத்துகிறவர்கள் எல்லாரும் செத்துப்போகிறார்கள்.” தச்சனாகிய யோசேப்பு மரியாளிடம் இப்படிச் சொல்வதாகத் ‘தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி’ என்னும் பழைய நூலின் 14ஆம் அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது. வீட்டுக்குள் அடைத்துவைக்கச் சொல்லப்படுகிற அந்தப் பிள்ளை இயேசு. இருபது வயதில் அதை முதன்முதலாகப் படித்தபோது, யாரோ விரோதிகள் எழுதிவைத்த அவதூறு என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிட்டேன். ஒரு பிள்ளைக்குத் தகப்பனான பிறகு ஓர் இரவு மறுபடியும் அதே பக்கத்துக்கு வந்தேன். இந்த முறை மூட மனம் வரவில்லை. ஊர் உலகத்திடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றக் கதவைச் சாத்துகிற தகப்பன்மாரை எத்தனையோ கதைகளில் பார்த்திருக்கிறோம். இந்தத் தகப்பனோ தன் பிள்ளையிடமிருந்து ஊரைக் காப்பாற்றக் கதவைச் சாத்தச் சொல்கிறான். அவன் பிள்ளையை வெறுக்கவில்லை, பிள்ளையும் கெட்டவன் இல்லை. இரண்டும் தெரிந்திருந்தும் அவனுக்கு அடிவயிறு கலங்குகிறது. திகில் படங்களை விரும்பிப் பார்க்கிற எனக்கு, இதற்கு ஈடான ஒரு திகில் காட்சி இதுவரை திரையில் கிடைத்ததில்லை. ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி நெடுநாளாக மனத்தில் கிடக்கிறது.

இயேசுவின் பிள்ளைப்பருவத்தைப் பற்றித் திருமுறையில், அதாவது திருச்சபை வேதமாக ஏற்ற நூல்களின் வரிசையில், உள்ள நான்கு நற்செய்திகளும் சொல்வது மிகக் கொஞ்சம். மாற்கும் யோவானும் பிறப்பின் கதையைச் சொல்வதேயில்லை. மத்தேயு எகிப்துக்குத் தப்பிப்போனதையும் திரும்பி வந்ததையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். லூக்கா ஒருவர்தான் பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் போதகர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த காட்சியைத் தருகிறார். அதற்கு முன்னும் பின்னும், பிள்ளை வளர்ந்தது, ஞானத்தில் பெருகியது என்பதோடு சரி. இந்த மௌனம் தொடக்க நூற்றாண்டுகளின் விசுவாசிகளை உறுத்தியிருக்கிறது. கடவுள் ஐந்து வயதில் எப்படி இருந்திருப்பார் என்று கேட்காமல் அவர்களால் இருக்க முடியவில்லை. அப்படிக் கேட்டவர்கள் எழுதிய நூல்களில் ஒன்றுதான் மேலே சொன்னது. கத்தோலிக்கர் இணைத்திருமுறை என்று ஏற்கும் தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்கள் வேறு. நான் இங்கே பேசுவது புதிய ஏற்பாட்டுக் காலத்து மனிதர்களைப் பற்றி எழுதப்பட்டும் புதிய ஏற்பாட்டில் சேராமல் வெளியே நின்றுவிட்ட நூல்களைப் பற்றி.

அந்த நூலில் முதலில் வரும் காட்சி பலருக்கும் தெரிந்ததுதான். மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. ஓடைத்துறையில் ஐந்து வயதுச் சிறுவன் ஓடும் நீரைச் சிறு குழிகளில் தேக்குகிறான். கலங்கிய நீர் அவன் சொல்லுக்குத் தெளிகிறது. ஈரக் களிமண்ணைப் பிசைந்து பன்னிரண்டு குருவிகள் செய்கிறான். அன்று ஓய்வுநாள். பார்த்த ஒருவர் போய்ச் சொல்ல, யோசேப்பு வந்து, செய்யக்கூடாத நாளில் ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அதட்டுகிறார். சிறுவன் கைகளைத் தட்டிப் ‘போங்கள்’ என்கிறான். குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு பறந்துபோகின்றன. களிமண் பறவைக்கு உயிர் கொடுத்த இந்த அற்புதம் குர்ஆனிலும் இரண்டு இடங்களில் பேசப்படுகிறது. கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

நூல் இங்கே நிற்பதில்லை. பக்கத்தில் நின்றிருந்த, மறைநூல் அறிஞர் அன்னாவின் மகன், ஒரு அலரிக் கிளையை எடுத்துத் தேங்கிய நீரைக் கலைத்துவிடுகிறான். விளையாடுமிடத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு அன்றாடம் செய்கிற குறும்பு அது. சிறுவன் இயேசு அவனைப் பார்த்து, இந்த நீர் உனக்கு என்ன தீங்கு செய்தது, நீ இலையோ வேரோ கனியோ இல்லாத மரம்போல் வற்றிப்போவாய் என்கிறான். அந்தப் பையன் அங்கேயே முழுதாக உலர்ந்துபோகிறான். பெற்றோர் வந்து, அவன் இளமையை நினைத்து அழுதபடி, வற்றிய உடலைத் தூக்கிச் செல்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில், தெருவில் ஓடிவந்த ஒரு பிள்ளை இயேசுவின் தோளில் இடிக்கிறது. நீ போகிற வழியை முடிக்கமாட்டாய் என்கிறான். அது விழுந்து இறக்கிறது. ஊரார் யோசேப்பிடம் திரண்டு வருகிறார்கள். சபிக்காமல் ஆசீர்வதிக்க உன் பிள்ளைக்குக் கற்றுக்கொடு, இல்லாவிட்டால் எங்களோடு இந்த ஊரில் குடியிருக்காதே, எங்கள் பிள்ளைகளை அவன் கொல்கிறான் என்கிறார்கள். குற்றம் சாட்டியவர்களின் கண்கள் குருடாகின்றன. யோசேப்பு என்ன செய்கிறார்? எழுந்து போய்ப் பிள்ளையின் காதைப் பிடித்து அழுந்தத் திருகுகிறார். வாயிலிருந்து வந்த சொல் அப்படியே நடந்துவிடுகிற ஒரு பிள்ளையின் காதைத் திருகுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், அல்லது எவ்வளவு திக்கற்றுப் போயிருக்க வேண்டும்! இந்தக் காதைத் திருகும் இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

இதை எழுதியவர் இயேசுவை இழிவுபடுத்த எழுதவில்லை என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. அந்தப் பையன் மரம்போல் வற்றியதைப் படிக்கும்போது, மாற்கு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் கனியில்லாத அத்திமரம் இயேசுவின் சொல்லால் வேரோடு பட்டுப்போனது நினைவுக்கு வராமல் போகாது. ஊரார் யோசேப்பை ஊரைவிட்டுப் போகச் சொல்வதைப் படிக்கும்போது, அதே மாற்குவின் 5ஆம் அதிகாரத்தில், பிசாசுகள் பன்றிக் கூட்டத்துக்குள் புகுந்து கடலில் பாய்ந்து மடிந்த பிறகு, குணமான மனிதனைக் கண்ட மக்கள் மகிழாமல் பயந்துபோய், தங்கள் எல்லையை விட்டுப் போகும்படி இயேசுவை வேண்டிக்கொண்டது நினைவுக்கு வரும். கிரேக்க உலகத்தில் வளர்ந்த வாசகருக்கோ, தன்னை அடித்த இசை ஆசிரியர் லீனஸை யாழாலேயே அடித்துக் கொன்ற சிறுவன் ஹெராக்ளிஸின் கதையும் பழக்கமானதாக இருந்திருக்கும். பெரிய வல்லமை சின்ன உடம்புக்குள் அடங்கியிருந்தால் அருகில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று அந்த எழுத்தாளர் நேர்மையாகவே யோசித்திருக்கிறார். கதை மிகப் பழையது. ஏறத்தாழ 180ஆம் ஆண்டில் எழுதிய திருச்சபை ஆயர் இரேனியுஸ், சிறுவன் இயேசு ஆசிரியரிடம் ஆல்ஃபா என்னும் முதல் எழுத்தைப் பற்றிக் கேட்டு மடக்கும் பகுதியைக் குறிப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். ஹாம்பர்க் நூலகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பாப்பிரஸ் துண்டு இந்த நூலின் குருவிப் பகுதிதான் என்று 2024இல் கண்டறிந்தார்கள். அது 4 அல்லது 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுத்துகள் கோணல்மாணலாக இருப்பதால், எழுதப் பழகிய ஒருவரின் பயிற்சித்தாளாக இருக்கலாம் என்கிறார்கள். ஆசிரியர்கள் நடுங்குகிற இந்தக் கதையை, ஓர் ஆசிரியரின் பார்வையில் ஒரு மாணவன் எழுதிப் பழகியிருந்தால், அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.

அச்சம் எங்கிருந்து வருகிறது என்று தொல்காப்பியம் ஒரு கணக்குச் சொல்கிறது. “அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே” என்பது மெய்ப்பாட்டியல் நூற்பா. கண்ணுக்குப் புலப்படாமல் வருத்தும் சக்தியான அணங்கு, கொடிய விலங்கு, வழிப்பறிக் கள்வர், தமக்கு மேலே நின்று ஆள்கிற இறை ஆகிய நான்கும் அச்சத்துக்கு நிலைக்களன்கள். திகில் சினிமா இதுவரை முதல் மூன்றையும் நன்றாகவே பிழிந்து எடுத்திருக்கிறது. பேய் வருகிறது, சுறாவும் ஓநாயும் வருகின்றன, முகமூடி அணிந்தவன் கத்தியோடு வீட்டுக்குள் நுழைகிறான். நான்காவது ஒன்றைத்தான் அது தொடத் தயங்குகிறது. இறை என்ற சொல்லுக்கு அரசன், தலைவன், கடவுள் என்று பொருள்கள் உண்டு. நாம் வணங்குகிறவரைக் கண்டே நமக்குக் குலைநடுங்குமென்றால், அந்த அச்சத்தை எந்தச் சிலுவையைக் காட்டி விரட்டுவது? தச்சன் வீட்டில் இருக்கும் அச்சம் அந்த வகையைச் சேர்ந்தது. அங்கே அணங்கும் இறையும் ஒரே பிள்ளையாகிவிட்டன.

கிறித்தவப் பின்னணியில் அமைந்த திகில் படங்கள் தள்ளப்பட்ட நூல்களின் மீது எப்போதும் ஓர் ஆசை வைத்திருக்கின்றன. ஆனால் அவற்றை அவை படித்ததற்கான அடையாளம் குறைவு. 1976இல் வந்த ‘தி ஓமன்’ படத்தில், பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் வருவதாகச் சொல்லி ஒப்பிக்கப்படும் செய்யுள் அந்த நூலில் இல்லை, திரைக்கதைக்காக எழுதப்பட்டது. அந்த வரிசையில் 1981இல் வந்த மூன்றாம் படம் ‘எபிரோன் ஆகமம்’ என்ற ஒரு நூலையே கற்பனை செய்துகொண்டது. 1995இல் வெளியான ‘தி ப்ராஃபெசி’, 22 அதிகாரங்களோடு முடிகிற வெளிப்படுத்தின விசேஷத்துக்கு 23ஆம் அதிகாரம் ஒன்றைக் கண்டுபிடித்தது. இவற்றைப் பொய் என்று நான் ஒதுக்கவில்லை. இல்லாத வேதத்தை எழுதிச் சேர்ப்பது இரண்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய வேலைதான். இருந்தாலும், உண்மையாகவே எழுதப்பட்டு, ஓலைகளைப் போல நைந்து, மணலிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட நூல்கள் அத்தனை கிடக்கும்போது, அவற்றைத் திறந்துகூடப் பார்க்காமல் போலி வசனம் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1999இல் வந்த ‘ஸ்டிக்மாட்டா’ இதில் ஒரு படி முன்னே போனது. அது தோமாவின் நற்செய்தியை நேரடியாகக் கையில் எடுத்தது. இது முன்சொன்ன குழந்தைப்பருவ நற்செய்தி இல்லை. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே ஒரு ஜாடிக்குள் தோலுறையிட்ட ஏடுகளாகக் கிடைத்த, இயேசு சொன்னவையாக 114 மொழிகளைக் கொண்ட வேறொரு நூல். நம்பிக்கையில்லாத ஓர் இளம்பெண்ணின் உடலில், சிலுவையில் இயேசு பட்ட காயங்களைப் போன்ற திருக்காயங்கள் தோன்றுகின்றன, அவள் கை அறியாத மொழியில் சுவரில் எழுதுகிறது, திருச்சபையின் உயர்ந்த இடத்தில் இருப்பவர்கள் அந்த எழுத்தை அழிக்கத் துடிக்கிறார்கள். “மரத்தைப் பிள, நான் அங்கே இருக்கிறேன், கல்லைத் தூக்கு, என்னைக் காண்பாய்” என்று 77ஆம் மொழியில் வருகிற அழகான வாசகத்தைப் படம் பயன்படுத்துகிறது. ஆனால் அதோடு, கடவுளின் அரசு மரத்தாலும் கல்லாலும் ஆன கட்டடங்களில் இல்லை என்று தானே ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த நூலை யாரும் ஒளித்துவைக்கவில்லை என்பதுதான் படத்தின் அடிப்படைச் சிக்கல். அது 1959இலேயே மொழிபெயர்ப்போடு அச்சாகிவிட்டது. வேண்டுமென்பவர் வாங்கிப் படிக்கலாம். நூலுக்குள் இருக்கும் விசித்திரத்தைக் கண்டு அஞ்சாமல், நூலை மறைப்பவர்களைக் கண்டு அஞ்சச் சொல்கிறது படம். அதாவது தொல்காப்பியர் கணக்கில் அது கள்வரைப் பற்றிய படமாகிவிட்டது.

குழந்தைப்பருவ நற்செய்திக்கு மிக அருகே வந்தவை இரண்டு படங்கள். இரண்டையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தில் கதவைச் சாத்திக்கொள்கின்றன.

‘தி யங் மெசையா’ 2016இல் வெளிவந்தது. அது திகில் படம் இல்லை, பக்திப் படம். ஆனால் அதற்கு மூலமான நாவலை எழுதியவர், ரத்தக்காட்டேரிகளைப் பற்றிய நாவலால் உலகப் புகழ்பெற்ற ஆன் ரைஸ். பிற்காலத்தில் விசுவாசத்துக்குத் திரும்பிய அவர், 2005இல் வெளியிட்ட அந்த நாவலை ஏழு வயது இயேசுவின் குரலிலேயே எழுதினார். களிமண் குருவிகளும் இறந்துவிழும் பையனும் அதில் உண்டு. தன்னிடமிருந்து ஏதோ ஒரு வல்லமை வெளியேறி, தன்னோடு மோதிய பையன் செத்து விழுந்ததைச் சிறுவன் தானே உணர்கிறான், திகைக்கிறான். இதுதான் நாவலின் முதல் காட்சி. ஒரு திகில் எழுத்தாளருக்குத்தான் இந்தத் திகைப்பு பிடிபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். படமாக வந்தபோது அந்தக் காட்சி மாறிவிட்டது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் திரிகிற ஒரு தீய ஆவி ஆப்பிளைப் பாதையில் எறிகிறது. வம்புக்கு வந்த பையன் அதில் வழுக்கி விழுந்து இறக்கிறான். பழி இயேசுவின் மேல் விழுகிறது. இயேசு அவனை உயிர்ப்பிக்கிறார். படத்தை எடுத்தவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆப்பிள் உருண்ட கணத்தில் கதையின் உயிர் போய்விட்டது. கொன்றது பிசாசு என்றால் யோசேப்புக்கு இரவில் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இரண்டாவது, லாட்ஃபி நாதன் இயக்கி 2025இல் வந்த ‘தி கார்ப்பென்டர்ஸ் சன்’. எகிப்தியக் காப்டிக் கிறித்தவக் குடும்பப் பின்னணி கொண்ட இயக்குநர், இந்த நூலைத் தூண்டுதலாகக் கொண்டு வெளிப்படையாகவே ஒரு திகில் படம் எடுத்தார். ரோமர் ஆட்சியிலுள்ள எகிப்தில் ஒளிந்து வாழும் ஒரு குடும்பம். பெயர்கள் இல்லை, தச்சன், தாய், பையன் என்றுதான் பாத்திரங்கள். நிக்கோலஸ் கேஜ் தச்சனாக வருகிறார். தகப்பனின் அச்சத்தை நடுவில் வைத்ததற்காகவே இந்தப் படத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. தன் இரத்தமல்லாத, தன்னால் புரிந்துகொள்ள முடியாத ஒரு பிள்ளையைக் காக்கும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதே என்று மருகுகிற, அதனாலேயே பிள்ளையிடம் கடுமை காட்டுகிற யோசேப்பை இதற்கு முன் யாரும் இவ்வளவு நெருங்கிப் பார்த்ததில்லை. ஆனால் இங்கும் ஒருவர் வந்துவிடுகிறார். ‘அந்நியர்’ என்ற பெயரில் ஒரு சிறுபிள்ளை தச்சன் மகனோடு பழகி, கட்டளைகளை மீறத் தூண்டுகிறது. அது சாத்தான் என்று பிறகு தெரிகிறது. மூலநூலைக் கடைசி வரிவரை தேடினாலும் இப்படித் தூண்டுகிற சாத்தான் கிடையாது. ஓடைத்துறையில் இருந்தது விளையாடும் பிள்ளைகள், ஒரு கிளை, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான்.

படம் எடுத்தவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. இந்த மாற்றம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 7ஆம் நூற்றாண்டை ஒட்டி லத்தீனில் உருவான ‘போலி மத்தேயு நற்செய்தி’ இதே ஓடைக் காட்சியை மறுபடி சொல்கிறது. அதில் நீரைக் கலைக்கும் பையன் பிசாசின் மகன் என்றே அறிமுகமாகிறான்; சாகவேண்டியவன்தான் என்று வாசகர் முன்கூட்டியே மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அரபு மொழியில் கிடைக்கும் குழந்தைப்பருவ நற்செய்தியில், சாத்தான் பிடித்த ஒரு சிறுவன் இயேசுவைக் கடிக்கப் பார்க்கிறான், முடியாமல் விலாவில் அடிக்கிறான். அவன்தான் பிற்காலத்தில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்கிறது நூல். ஆக, இறைவன் மீது எழும் அச்சத்தைத் தாங்க முடியாமல் அதைச் சாத்தான் கணக்கில் எழுதிவிடுவது மனிதரின் பழைய வழக்கம். ஆனாலும் அந்த லத்தீன் நூல் ஒரு காட்சியை மட்டும் இழக்காமல் வைத்திருக்கிறது. பையன் இறந்ததும் யோசேப்பு மரியாளிடம் இரகசியமாக வந்து, எனக்கு அவனிடம் பேசத் துணிவில்லை, நீ கேள் என்கிறார். மரியாள் வந்து கேட்கிறாள். தாயின் மனம் நோகக்கூடாது என்பதற்காக, பிள்ளை இறந்தவனைக் காலால் உதைத்து எழுப்புகிறது. கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் அந்தச் சில வரிகளில் ஒரு முழுப் படத்துக்கான திகில் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டைச் சார்ந்த இந்த நூல்களையெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாக 1924இல் கொண்டுவந்தவர் எம். ஆர். ஜேம்ஸ். ஆங்கில இலக்கியம் அவரை நினைவில் வைத்திருப்பது பேய்க்கதைகளுக்காக. பகலில் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படித்துவிட்டு, கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களுக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பேய்க்கதை வாசித்தவர் அவர். இரண்டு வேலைகளும் அவருக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன என்பதை அவருடைய முதல் கதைகளில் ஒன்றே காட்டுகிறது. ஒரு பழைய ஏட்டில், சாலொமோன் அரசனின் முன்னால் இரவின் பிசாசு ஒன்று நிற்கும் ஓவியத்திலிருந்துதான் அந்தக் கதையின் பயங்கரம் கிளம்புகிறது. இந்த நூல்களைத் திருமுறையிலிருந்து யாரும் விலக்கவில்லை, அவையே தங்களை விலக்கிக்கொண்டன என்று தன் தொகுதியின் முன்னுரையில் அவர் எழுதினார். பெரும்பாலும் உண்மைதான். பல நூல்கள் சவசவவென்று இருக்கும். அற்புதங்களை அடுக்கிக்கொண்டே போகும். படித்து முடிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் திடீரென்று ஓர் இடம் வரும், கை நின்றுவிடும்.

அப்படி என் கை நின்ற இடம் ஒன்றைச் சொல்கிறேன். ‘பர்த்தலொமேயுவின் கேள்விகள்’ என்ற நூலில் சீடர்கள் மரியாளைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். எல்லையில்லாதவரை எப்படிக் கருவில் சுமந்தீர்கள் என்று பர்த்தலொமேயு கேட்கிறார். இதை என்னிடம் கேட்காதீர்கள், சொல்லத் தொடங்கினால் என் வாயிலிருந்து நெருப்புப் புறப்பட்டு உலகத்தை எரித்துவிடும் என்கிறார் மரியாள். அவர்கள் விடுவதாக இல்லை. சரி என்று தரையில் உட்காரும் மரியாள், பேதுருவை வலப்பக்கம் உட்கார்ந்து அக்குளுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கச் சொல்கிறார், அந்திரேயாவை இடப்பக்கம் அப்படியே தாங்கச் சொல்கிறார், யோவானை மார்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார், பர்த்தலொமேயுவை முதுகுக்குப் பின்னால் முழங்காலை ஊன்றித் தோள்களை அழுத்திக்கொள்ளச் சொல்கிறார். பேசும்போது என் எலும்புகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுவிடாமல் இருக்க வேண்டும் என்கிறார். பிறகு பேசத் தொடங்குகிறார். தூதன் வந்தது, அப்பம், கிண்ணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயிலிருந்து நெருப்பு வருகிறது, உலகம் முடிவின் விளிம்புக்குப் போகிறது. அப்போது இயேசு வந்து தாயின் வாயில் கையை வைத்து மூடுகிறார். இதில் பேய் இல்லை. தீயவர் ஒருவரும் இல்லை. நான்கு ஆண்கள் ஒரு பெண்ணின் மூட்டுகள் கழன்றுவிடாதபடி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவள் நடந்ததைச் சொல்கிறாள். அதே நூலில் பின்னால், அறுநூற்று அறுபது தூதர்கள் நெருப்புச் சங்கிலிகளால் கட்டி இழுத்துவரும் 1,600 முழ நீளப் பிசாசும் வருகிறது. கணினி வரைகலைக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு மரியாளின் தோள்மீது அழுந்தியிருக்கும் அந்தக் கைகள் போதும்.

‘யாக்கோபின் முன்நற்செய்தி’யில் யோசேப்பு மருத்துவச்சியைத் தேடிப் போகும் வழியில், பிள்ளை பிறக்கும் கணத்தில், உலகம் நின்றுபோவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. நான் நடந்தேன், ஆனால் நடக்கவில்லை என்கிறார் யோசேப்பு. வானத்துப் பறவைகள் அசைவற்றிருக்கின்றன. வேலையாட்கள் சட்டியைச் சுற்றி அமர்ந்து உணவில் கை வைத்திருக்கிறார்கள். மெல்லுகிறவர்கள் மெல்லவில்லை, எடுக்கிறவர்கள் எடுக்கவில்லை, எல்லா முகங்களும் மேலே பார்க்கின்றன. ஆடுகளை ஓட்ட ஓங்கிய மேய்ப்பனின் கை ஓங்கியபடியே நிற்கிறது. ஆற்றில் வாய் வைத்த ஆட்டுக்குட்டிகள் குடிக்கவில்லை. பிறகு எல்லாம் மறுபடி ஓடத் தொடங்குகிறது. ஒத்திகையே தேவையில்லாத ஒரு திரைக்கதைப் பக்கம் இது, இத்தனை நூற்றாண்டுகளாகக் காத்துக் கிடக்கிறது. எகிப்தின் அக்மீமில் ஒரு துறவியின் கல்லறையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடுக்கப்பட்ட பேதுருவின் நற்செய்தியும் அப்படித்தான். காவல் நிற்கும் படைவீரர்களின் கண்முன்னே கல்லறையிலிருந்து மூவர் வெளிவருகிறார்கள். தாங்கிவரும் இருவரின் தலைகள் வானத்தை எட்டுகின்றன, தாங்கப்படுகிறவரின் தலை வானங்களைக் கடந்து போகிறது. பின்னால் சிலுவை நடந்து வருகிறது. உறங்குகிறவர்களுக்கு அறிவித்தாயா என்று மேலிருந்து குரல் கேட்க, ஆம் என்று சிலுவை பதில் சொல்கிறது. அந்தப் படைவீரர்களில் ஒருவனாக நின்று பார்த்தால் உயிர்த்தெழுதல் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று பக்திப் படங்கள் நம்மை ஒருமுறையும் கேட்டதில்லை.

இதெல்லாம் இயேசுவை அவமதிப்பதாகாதா என்று என் குடும்பத்திலேயே கேட்டிருக்கிறார்கள். நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகள் 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. வெறுமையான கல்லறையைக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயந்திருந்ததால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு முடிகிறது. நமக்குக் கிடைத்திருக்கும் நற்செய்திகளில் மூத்தது, வேதத்துக்குள்ளேயே இருப்பது, அச்சம் என்ற சொல்லில் போய் நிற்கிறது. தூதர்கள் தோன்றும் பல இடங்களில் அவர்கள் முதலில் சொல்வது பயப்படாதே என்பதுதான். பயப்பட ஒன்றுமில்லாதவரிடம் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அதனால் இந்த நூல்களைத் திகில் படமாக எடுக்கக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. இன்னும் அஞ்சாமல் எடுக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். சாத்தானைக் கூப்பிடாமல், சதிகாரக் கர்தினால்களைக் கூப்பிடாமல், அந்தச் சிறிய வீட்டுக்குள்ளேயே இருந்து எடுக்க வேண்டும். தச்சுப்பட்டறையில் ஒரு மரம் அளவு குறைந்துபோகிறது. பிள்ளை மறுமுனையைப் பிடித்து இழுக்க, அது நீள்கிறது. தகப்பன் பிள்ளையை அணைத்து முத்தமிடுகிறான். நூலின் 13ஆம் அதிகாரம் இது. அணைக்கும்போது அந்தத் தகப்பனின் முகம் எப்படி இருந்தது என்பதை நூல் சொல்லவில்லை. கேமரா அங்கே போகலாம்.

கதவைச் சாத்தச் சொன்னதற்கு அடுத்த அதிகாரத்தில் மூன்றாவதாக ஓர் ஆசிரியர் வருகிறார். முதலாமவர் வெட்கித் தலைகுனிந்து பிள்ளையைத் திருப்பி அனுப்பியவர்; இரண்டாமவர் பிள்ளையின் தலையில் அடித்து, சாபம் பெற்று, முகங்குப்புற விழுந்தவர். மூன்றாமவர் யோசேப்பின் நண்பர்; பிள்ளையை என்னிடம் அனுப்பு, அன்பாகப் பேசிக் கற்பித்துப் பார்க்கிறேன் என்கிறார். யோசேப்பு தயக்கத்தோடு அனுப்புகிறார். பிள்ளை பள்ளிக்குள் போகிறது, மேசையில் கிடந்த புத்தகத்தை எடுக்கிறது, அதில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாய் திறந்து திருச்சட்டத்தைப் போதிக்கத் தொடங்குகிறது. கேட்கக் கூட்டம் கூடிவிடுகிறது. செய்தி யோசேப்பின் காதுக்கு எட்டுகிறது. இந்த ஆசிரியருக்கும் ஏதாவது ஆகிவிட்டிருக்குமோ என்று அஞ்சி அவர் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார். வாசலில் வந்து நிற்கும் அவரிடம் ஆசிரியர், உன் பிள்ளை அருளும் ஞானமும் நிறைந்தவன், அவனை வீட்டுக்கு அழைத்துப் போ என்கிறார். அதைக் கேட்டதும் பிள்ளை சிரிக்கிறது. நீ சரியாகச் சாட்சி சொன்னதால் முன்பு அடிபட்டவனும் குணமாவான் என்கிறது. அங்கே அந்த இரண்டாம் ஆசிரியர் எழுந்திருக்கிறார். யோசேப்பு பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.